பேசாத மாணவரின் முதலாண்டு: பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கலந்தாய்வு வழியே பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் மாணவர் எதிர்கொள்ளும் மாற்றங்களாகப் பாடச்சுமை, ஆங்கில வழிக் கல்வி, வீட்டைப் பிரிந்திருத்தல் ஆகிய மூன்றும் கல்லூரி நிருவாகங்களின் கணக்கில் தவறாமல் இடம்பெறுகின்றன. முன்பின் அறியாத அறுபது பேர் நடுவே தன்னை ஓர் ஆளாக நிறுத்திக்கொள்ள வேண்டியிருப்பது நான்காவது மாற்றம். கூச்ச இயல்புடைய மாணவருக்கு அது மற்ற மூன்றையும்விடக் கடினமானது என்றாலும், எந்தக் கணக்கிலும் அது வருவதில்லை. அத்தகைய மாணவரை நோக்கி, "கூச்சத்தை விட்டு எல்லாரோடும் பழகு" என்று சொல்லும் அறிவுரைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவர் அமர்ந்திருக்கும் வகுப்பறையை அமைப்பவர்களும் நடத்துபவர்களும் எவற்றை மாற்றினால் அவருக்கு வழி திறக்கும் என்பது அரிதாகவே பேசப்படுகிறது. முதலாண்டில் ஒரு மாணவர் நிலைபெறுவதும் ஒதுங்கிப்போவதும் அவருடைய மனத்துணிவைப் பொறுத்தது என்னும் பொதுக்கருத்து பாதி உண்மையே. மறுபாதி ஆசிரியர்கள் எடுக்கும் சிறுசிறு முடிவுகளில் இருக்கிறது என்பதே இம்மடலின் கருத்தாகும்.

கூச்சம் என்பது, அறிமுகமற்றவர்களோ அதிகாரம் உடையவர்களோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவருடைய கவனம் தன்மேலேயே குவிந்து, அவர்கள் தன்னை எவ்வாறு மதிப்பிடுவார்கள் என்னும் அச்சத்தால் பேச்சும் செயலும் தடைப்படும் நிலையைக் குறிக்கும். தனிமையில் ஊக்கம் பெறுவதும் பெருங்கூட்டத்தில் களைப்படைவதுமான உள்முக இயல்பு இதனின்றும் வேறானது. உள்முகம், வெளிமுகம் என்னும் பாகுபாடு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலின் வழியே பரவியது. ஆயினும் அன்றாடப் பேச்சில் உள்முக இயல்பும் கூச்சமும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. 1981-இல் ஜொனாதன் சீக், அர்னால்டு பஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் கூச்சத்தையும், பிறரோடு கூடியிருக்க விரும்பும் இயல்பையும் தனித்தனியே அளந்தபோது, அவ்விரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்பதும், கூடியிருக்க மிகவும் விரும்பிக்கொண்டே கூச்சத்தால் தயங்குவோர்தாம் புதியவரோடு உரையாடும்போது மிகுந்த இறுக்கத்துக்கு உள்ளாகிறார்கள் என்பதும் தெரியவந்தன. கடைசி வரிசையில் ஒருவரோடும் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவரைப் பார்த்து, அவருக்கு நட்பில் நாட்டமில்லை என்றோ பாடத்தில் அக்கறையில்லை என்றோ முடிவு கட்டும் ஆசிரியர் பெரும்பாலும் தவறிழைக்கிறார் என்பதற்கு இவ்வாய்வு போதிய சான்றாகும். அம்மாணவர் பேச விரும்புகிறார். எந்த இடத்தில் தொடங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

இத்தகையோர் எண்ணிக்கையில் சிலரே என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய வினவல்களில், மறுமொழி அளித்தோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தம்மைக் கூச்ச இயல்புடையவர் என்றே சொல்லிக்கொண்டனர். அந்த விகிதத்தை அப்படியே தமிழ்நாட்டு வகுப்பறைக்குப் பொருத்த இயலாதெனினும், அறுபது பேர் கொண்ட வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவோர் இரண்டு மூன்று பேர்தாம் என்னும் எண்ணத்தைக் கைவிட அது போதுமானது. இந்த இயல்பின் வேர் ஓரளவு பிறப்பிலேயே இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொருள்களைக் காட்டியும் புதிய ஒலிகளைக் கேட்கச் செய்தும் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகால்களை உதைத்து வீறிட்டன. வளர்ந்தபின் புதியவர் முன் ஒடுங்கும் இயல்பு அக்குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆயினும் அவர்கள் அனைவரும் கூச்சமுடையோராக வளரவில்லை என்பதையும், சூழல் அந்த இயல்பைத் தணிக்கவும் வளர்க்கவும் வல்லது என்பதையும் கேகனே வலியுறுத்தியுள்ளார்.

அச்சூழலில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு கூறு உண்டு. அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு, அவ்விடங்களில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கத் தொடங்கியதால், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் பலர், முன்பு எட்டாதிருந்த கல்லூரிகளிலும் இன்று அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் கணிசமானோர் தமிழ்வழியில் படித்தவர்கள். தமிழில் சரளமாகவும் நகைச்சுவையோடும் பேசக்கூடிய ஒருவர், முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் மட்டும் பேசவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டால், அதுவரை தம்மிடம் இல்லாத ஒரு கூச்சத்தை அங்கே புதிதாகப் பெறுகிறார். இது பிறப்பால் வந்ததன்று; வகுப்பறை உண்டாக்குவது. இயல்பிலேயே கூச்சமுடையவரும் தமிழ்வழியிலிருந்து வந்தவருமான மாணவருக்கோ இச்சுமை இரட்டிப்பாகிறது: சொல்லத் துணிவு வேண்டும், சொல்வதற்கு ஆங்கிலமும் வேண்டும். இவ்விரண்டில் எது இல்லாததால் அவர் மௌனமாக இருக்கிறார் என்பதை வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியர் கண்டறிய இயலாது. இரண்டும் இல்லாத இடத்தில் அறிவும் இல்லை என்று கருதிவிடும் ஆபத்தும் உண்டு.

முதல் நாளின் தன்னறிமுகச் சடங்கு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வகுப்பு, மாணவர் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், படித்த பள்ளி, கட் ஆஃப், பொழுதுபோக்கு, வாழ்க்கை இலட்சியம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லி அமர்வதில் கழிகிறது. மாணவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவேண்டும் என்னும் நல்ல நோக்கத்தோடே இது நடத்தப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்வரிசையிலிருந்து முறை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்ந்து வரும்போது, நான்காம் வரிசையில் இருக்கும் கூச்சமுடைய மாணவர் செய்வது என்ன? தமக்கு முன்னால் எத்தனை பேர் மீதமிருக்கிறார்கள் என்று எண்ணுகிறார். சொல்லவேண்டிய நான்கு வாக்கியங்களை உதடு அசையாமல் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறார். தாம் சொல்ல நினைத்திருந்த பொழுதுபோக்கை இரண்டு பேர் முன்னதாகவே சொல்லிவிட்டதால் வேறொன்றைத் தேடுகிறார். உள்ளங்கை வியர்வையைக் கைக்குட்டையில் துடைக்கிறார். எழுந்து நின்று, பெயரை மட்டும் தமக்கே கேட்காத குரலில் சொல்லி, "சத்தமா சொல்லுப்பா" என்னும் ஆசிரியரின் குரலுக்கும் வகுப்பின் சிரிப்புக்கும் நடுவே மற்றவற்றை மறந்து அமர்ந்துவிடுகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒருவர் பெயரையும் காதில் வாங்கவில்லை. தம் முறை நெருங்கும்போது, தமக்குச் சற்று முன் பேசியோர் சொன்னவை ஒருவருடைய நினைவில் தங்குவதில்லை என்பதை மால்கம் பிரென்னர் 1973-இல் சோதனை வழியே நிறுவினார். இதனை 'அடுத்த முறை விளைவு' எனலாம். பேச்சில் வல்லவர்களிடமும் காணப்படும் இவ்விளைவு, அஞ்சுவோரிடம் ஏறத்தாழ முழு வகுப்பையும் விழுங்கிவிடுகிறது. எனவே, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக நடத்தப்படும் அந்த மணி நேரம் அந்த நோக்கத்தையே நிறைவேற்றுவதில்லை. கூச்சமுடையோருக்கு அது முதல் நாளே ஓர் அவமானத்தைக் கொடுத்து, அடுத்த பல வாரங்களுக்கு வாயை மூடவைக்கிறது.

அச்சடங்கைக் கைவிடுவதால் இழப்பு ஒன்றுமில்லை. அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் பத்து நிமிடம் தமக்கு வசதியான மொழியில் பேசிக்கொண்டு, பிறகு ஒருவர் மற்றவரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வதாக வைத்தால், எவரும் தம்மைப் பற்றித் தாமே பேச வேண்டியதில்லை. வகுப்பு முடியும்போது ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு பெயராவது தெரிந்திருக்கும். தாம் ஊரில் செய்தவை, படிக்க விரும்புபவை, வகுப்பில் தமக்குத் தடையாக இருக்கக்கூடியவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் மட்டும் கொடுக்கச் செய்வது இன்னும் பயனுள்ளது. பேசாதவர்களுள் பலர் விரிவாகவும் வெளிப்படையாகவும் எழுதக்கூடியவர்கள் என்பதை அத்தாள்களை வாசிக்கும் ஆசிரியர் முதல் நாளே கண்டுகொள்வார்.

பாடம் நடத்தும் நாள்களில் கூச்சமுடையோரைச் சோதிப்பது வேறொரு வினா. கரும்பலகையில் ஒரு தேற்றத்தை எழுதி முடித்தபின் ஆசிரியர், "டவுட் ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார், வகுப்பு மௌனமாக இருக்கிறது, புரிந்துவிட்டது என்று கொண்டு அவர் அடுத்த தலைப்புக்குச் செல்கிறார். இந்த மௌனத்தின் உட்கூற்றை 1987-இல் டேல் மில்லரும் கேத்தி மெக்ஃபார்லேண்டும் ஆராய்ந்தார்கள். வேண்டுமென்றே குழப்பமாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையை மாணவர் குழுக்களிடம் கொடுத்து, புரியாதவர் எழுந்து வந்து கேட்கலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தும் ஒருவரும் எழவில்லை. தாம் எழாததற்கு வெட்கமே காரணம் என்று ஒவ்வொருவரும் அறிந்திருந்தும், மற்றவர்கள் எழாததற்கு அவர்களுக்குப் புரிந்துவிட்டதே காரணம் என்று நம்பினார்கள். ஒவ்வொருவரும் தமக்குள் ஒன்றை உணர்ந்துகொண்டு, பிறர் அனைவரும் அதற்கு மாறாக உணர்வதாக எண்ணி மயங்கும் இந்நிலையைக் 'கூட்டு அறியாமை' என்பர். அணிகளும் நுண்கணிதமும் முதற்பருவத்தில் நடத்தப்படும்போது, தமக்கு மட்டுமே புரியவில்லை என்னும் முடிவோடு பலர் ஒரே வேளையில் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பதற்கும், அவர்களுள் சிலர் பருவ இறுதியில் மாணவர் வழக்கில் அரியர் எனப்படும் நிலுவைத் தாளோடு வீடு திரும்புவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இதற்கான மாற்று வழிகளுக்குச் செலவில்லை. "ஐயம் உண்டா" என்று கேட்பதற்குப் பதிலாக, புரியாத ஒரு வரியைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டச் சொன்னால், தம்மைப் போலவே மற்றவரும் அதே வரியில் நிற்பது இருவருக்கும் தெரிந்துவிடும். பிறகு அந்த ஐயம் ஒருவருடையதாக இராமல் இருவருடையதாக எழுப்பப்படும். முதலில் தனியே எண்ணுதல், அடுத்து இணையாகப் பேசுதல், இறுதியில் வகுப்பின் முன் பகிர்தல் என்னும் இம்முறையை 1981-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் வகுத்துரைத்தார். ஆசிரியர் ஒரு வினாவைத் தொடுத்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதும் இங்கே முதன்மையானது. 1970-களில் மேரி பட் ரோ அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருந்து பின் தாமே விடை சொன்னதையும் வேறொருவரை அழைத்ததையும் கண்டார். அக்காத்திருப்பை மூன்று நொடிக்கு நீட்டியபோது விடைகளின் நீளம் கூடியது, விடை சொல்லாமல் விடுவோர் குறைந்தனர், அதுவரை பங்கெடுக்காத மாணவர்களும் பேசத் தொடங்கினர். ஆங்கிலத்தில் கேட்ட வினாவைத் தமிழில் எண்ணி மீண்டும் ஆங்கிலத்தில் விடை அமைக்கவேண்டிய மாணவருக்கு மூன்று நொடியும் போதாது. ஐந்து நொடி மௌனம் ஆசிரியருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்வது கற்பித்தலின் ஒரு பகுதியே.

முதற்பருவப் பாடத்திட்டத்தில் இதற்கென்றே அமைந்ததுபோன்ற ஒரு பாடமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறையின்கீழ்ச் சேர்க்கப்பட்ட 'தமிழர் மரபு' என்னும் ஒரு மதிப்பலகுப் பாடம், பல கல்லூரிகளில் தேர்வுக்கு மனப்பாடம் செய்து கடக்கவேண்டிய ஒன்றாகவே நடத்தப்படுகிறது. தெருக்கூத்து, கரகாட்டம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, தோற்பாவைக் கூத்து, சிலம்பம் ஆகியவை அதன் பாடப்பொருள்களுள் அடங்கும். இரவு முழுவதும் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த வட ஆர்க்காட்டு மாணவரும், சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தைக் கேட்டு வளர்ந்த நெல்லை மாணவரும், ஊர்த் திடலில் சிலம்பம் கற்ற மாணவரும் அதே வகுப்பில் வாய் மூடி அமர்ந்திருக்க, அவற்றை நேரில் கண்டிராத ஆசிரியர் திரையில் படவில்லைகளைக் காட்டிக்கொண்டிருப்பது வீணான வாய்ப்பு. தமக்கு நன்கு தெரிந்த ஒன்றைத் தம் மொழியில் சொல்லும்படி கேட்கப்படும்போது பேசாதவரும் பேசுவார். கூச்சமுடைய மாணவரின் குரலை வகுப்பு முதன்முறையாகக் கேட்கும் நேரம் நுண்கணித வகுப்பாக இருக்கவேண்டியதில்லை. அது தமிழர் மரபு வகுப்பாக இருக்கட்டும். ஒருமுறை கேட்கப்பட்ட குரல் அடுத்த வகுப்பில் எழுவது எளிது.

நட்பைப் பொறுத்தவரை ஆசிரியர்கள் தமக்கு அதில் பங்கே இல்லை என்று கருதுகிறார்கள். ஆனால் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில், உளவியல் முதலாண்டு மாணவர்களை முதல் சந்திப்பில் குலுக்கல் முறையில் இருக்கைகளில் அமரவைத்து, ஓராண்டு கழித்து அவர்களுடைய நட்புகளை அளந்தபோது, முதல் நாள் அருகருகே அமர நேர்ந்தோரிடையே நட்பு மிகுந்து காணப்பட்டது. 2008-இல் வெளியான இவ்வாய்வின்படி, தற்செயலாகக் கிடைத்த ஓர் இருக்கை ஓராண்டு நட்பின் போக்கை ஓரளவு முடிவுசெய்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்த இருக்கையின் வேலையைப் பெரும்பாலும் வருகைப்பதிவேடே செய்கிறது. ஆங்கில அகரவரிசையில் அமைந்த பதிவேட்டின்படி ஆய்வகக் குழுக்கள் பிரிக்கப்படுவதால், வேதியியல் ஆய்வகத்தில் ஒரே மேசையில் நிற்போர், ரெக்கார்டு நோட்டை மாற்றிக்கொள்வோர், தேர்வு அறையில் அடுத்தடுத்து அமர்வோர் எல்லாரும் நான்காண்டும் அதே ஐந்தாறு பேராகவே இருக்கிறார்கள். வெளிமுக இயல்புடையவர் அந்த வட்டத்தைத் தாண்டிச் சென்று நட்புத் தேடிக்கொள்வார். கூச்சமுடையவருக்கோ பதிவேடு கொடுத்ததே எல்லாம். அந்த ஐந்து பேரும் முன்பே ஒரே பள்ளியிலிருந்து வந்த நண்பர்களாக இருந்துவிட்டால், ஆறாமவர் நான்காண்டும் ஆறாமவராகவே இருப்பார். முதற்பருவத்தில் மட்டுமேனும் ஆய்வக இணைகளையும் இருக்கைகளையும் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆசிரியரே மாற்றியமைத்தால், யாரிடமும் சென்று பேசத் துணியாத மாணவருக்கு ஏழெட்டுப் பேரோடு பேசும் வாய்ப்பு, தாம் கேட்காமலேயே கிடைக்கிறது. செய்முறை ஒன்று கைவசம் இருக்கும்போது பேச்சுக்குப் பொருள் தேடவேண்டியதில்லை என்பதால், கூச்சமுடையோருக்கு விழா மேடையைவிட ஆய்வக மேசை மிக நல்ல இடம்.

வகுப்பறை நட்பைத் தொடங்கிவைக்கும், வளர்ப்பதில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் உட்படுத்தி நடத்திய ஆய்வில், அறிமுகமானவர் மேலோட்டமான நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணிக்கு மேலும் தேவைப்படுவதாகக் கணக்கிட்டார். வகுப்பிலோ பணியிலோ கட்டாயத்தால் உடனிருக்கும் நேரத்தைவிட, விரும்பிச் சேர்ந்திருக்கும் நேரமே அதில் மிகுந்த பங்கு வகித்தது. காலை ஏழு மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறி மாலை ஆறரைக்கு இறங்கும் மாணவருக்கு அத்தகைய நேரம் எங்கிருந்து வரும் என்பதைக் கால அட்டவணை அமைப்போர் எண்ணவேண்டும். உணவு இடைவேளையை நாற்பது நிமிடமாகச் சுருக்கி, மீதியைச் சிறப்பு வகுப்பால் நிரப்பி, மாணவரும் மாணவியரும் பேசிக்கொண்டால் விளக்கம் கேட்கும் கல்லூரிகள் சில உள்ளன. அவை நட்புக்கான நேரத்தையும் இடத்தையும் தாமே பறித்துவிட்டு, பின்னர் வேலைவாய்ப்பு நேர்காணலில் தம் மாணவர்க்குப் பேச வரவில்லை என்று வருந்துவது முறையன்று.

கூச்சமுடைய மாணவர், ஒருவரோடு பேசி முடித்தபின், தாம் சொன்னவற்றை இரவெல்லாம் அசைபோட்டு, எதிரிலிருந்தவர் தம்மை விரும்பியிருக்கமாட்டார் என்னும் முடிவுக்கு வருவது வழக்கம். இம்முடிவு பெரும்பாலும் பிழையானது. எரிகா பூத்பியும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, உரையாடிய இருவருமே மற்றவர் தம்மை விரும்பியதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்றும், விடுதியில் சேர்ந்து தங்கும் முதலாண்டு மாணவர்களிடையே இப்பிழை பல மாதங்கள் நீடிக்கிறது என்றும் காட்டியது. இச்செய்தி முதலாண்டு மாணவரைச் சென்றடையவேண்டும். ஆனால் அறிவுரையாகச் சொன்னால் அது காதில் ஏறாது. மூத்த மாணவர் வாயிலாகச் சென்றால் ஏறும் என்பதற்கு கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகிறது. தாமும் முதலாண்டில் இவ்விடத்துக்கு உரியவரல்லர் என்று எண்ணி வாடியதாகவும், காலப்போக்கில் அந்த எண்ணம் நீங்கியதாகவும் மூத்த மாணவர்கள் கூறியவற்றை முதலாண்டு மாணவர்களை வாசிக்கச் செய்து, அதைப் பற்றித் தம் சொற்களில் எழுதவும் வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரமே நடந்த இப்பயிற்சிக்குப் பின், கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் பட்டம் பெறும்வரை உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடிருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. அவ்வாய்வின் பொருள் கூச்சமன்று, இன ஒதுக்கத்தால் வரும் அயன்மை உணர்வு, எனினும் '7.5 மாணவர்' என்று முதுகுக்குப் பின்னால் சுட்டப்படுவோர் இருக்கும் வகுப்பறைகளுக்கு அதன் பாடம் மிகவும் பொருந்தும். தமிழ்வழியில் படித்து, முதற்பருவத்தில் தாள்களை நிலுவை வைத்து, இன்று நான்காம் ஆண்டில் தலைநிமிர்ந்து நிற்கும் மாணவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். வரவேற்பு விழாவுக்குத் தொழிலதிபரை அழைப்பதோடு, அம்மாணவர்களுள் மூன்று பேரையும் அரை மணி நேரம் பேசவைக்கலாம்.

மூத்த மாணவர் பற்றிய பேச்சில் ராகிங் என்னும் பகடிவதையைக் கடந்துபோக இயலாது. 1996-இல் மருத்துவ முதலாண்டு மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997-இல் தமிழ்நாடு அதற்கெதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான விதிமுறைகளை வகுத்தது. இவற்றால் வெளிப்படையான வன்கொடுமை பெரிதும் ஒடுங்கியிருக்கிறது. எனினும் விடுதி அறையில் 'இன்ட்ரோ' என்னும் பெயரில் நடக்கும் கேலி, புகார் கொடுக்கமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த மாணவரையே தேடிச் செல்கிறது. புகார்ப் பெட்டி பேசுகிறவர்களுக்கு உரியது. பேசாதவர்களை விடுதிக் காப்பாளர் தாமே சென்று கேட்கவேண்டும், அதுவும் மற்றவர் பார்க்காத இடத்தில். மெஸ்ஸில் தட்டை ஏந்தி நின்று, எந்த மேசைக்குச் செல்வது என்று தெரியாமல் அறைக்கே எடுத்துச் சென்று உண்ணும் மாணவரைக் காப்பாளர் கண்டிருப்பார். விதிமீறல் என்று தட்டைப் பிடுங்குவதற்கு முன், அவர் எத்தனை நாளாக அவ்வாறு உண்கிறார் என்று விசாரிப்பது நல்லது.

கூச்சத்தைப் போக்குவதற்காகவே செய்யப்படுவன சில, அதை முற்றச் செய்கின்றன. முன்னறிவிப்பின்றி மேடைக்கு இழுத்து ஆடவோ பாடவோ செய்வதும், தவறான விடைக்கு வகுப்பு முடியும்வரை நிற்கவைப்பதும், "இவன் வாயே திறக்கமாட்டான்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வதும் அத்தகையவை. அச்சத்தைச் சிறுசிறு படிகளாக எதிர்கொள்ளச் செய்வதே உளவியல் மருத்துவம் கண்ட வழி; நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவது அவ்வழியன்று. செமினார் கட்டாயம் என்றால், முதல் செமினாரை ஐந்து பேர் முன்னிலையிலும், அடுத்ததைப் பதினைந்து பேர் முன்னிலையிலும், பின்னரே முழு வகுப்பிலும் வைக்கலாம். பேசாதவர் பேசவே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் அவருக்குச் செய்யும் நன்மையன்று. வாய்மொழித் தேர்வும் வேலைவாய்ப்பு நேர்காணலும் அவரைக் காத்திருப்பதால், பேசப் பழக்கவேண்டிய கடமை கல்லூரிக்கு உண்டு. அதற்கான கால அளவை மட்டும் சற்றே நீட்டித் தரவேண்டும்.

கூச்சம் வேறு, நோய் வேறு என்பதையும் ஆசிரியர்கள் பிரித்தறிய வேண்டியுள்ளது. பிறர் பார்வைக்கு உள்ளாகும் சூழல்கள் அனைத்தையும் மாதக்கணக்கில் தவிர்த்து, அதனால் படிப்பும் அன்றாட வாழ்க்கையும் சிதையும் நிலையை மருத்துவர்கள் சமூகப் பதற்றக் கோளாறு என்பர். செய்முறைத் தேர்வுக்கு வராமலே போகும் மாணவர், வாய்மொழித் தேர்வு நாள்களில் மட்டும் வாந்தியும் நடுக்கமும் கொள்ளும் மாணவர், அறையை விட்டு வெளிவராத மாணவர் ஆகியோருக்கு ஊக்கமொழி போதாது. மனநல மருத்துவரின் உதவி வேண்டும், சிகிச்சையால் குணமும் உண்டு. நடுவணரசின் டெலி மானஸ் சேவை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசுகிறது. அவ்வெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது, அழைப்பதற்கே அஞ்சும் மாணவருக்காக ஆசிரியர் அருகிலிருந்து அழைத்துத் தரவேண்டியும் வரலாம்.

கல்லூரிகள் பலவற்றில் இருபது மாணவருக்கு ஒருவர் என்னும் அளவில் வழிகாட்டி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். குறை உள்ளவர் வந்து பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டு அவர்கள் காத்திருக்கிறார்கள்; வருவோர் எப்போதும் தயக்கமின்றிப் பேசக்கூடியவர்களே. கூச்சமுடைய மாணவர், பணியாளர் அறையின் வாயில்வரை வந்து, உள்ளே நான்கு ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பிவிடுகிறார். விரும்பினால் வரலாம் என்பதை மாற்றி, முதற்பருவத்தின் முதல் ஆறு வாரத்துக்குள் இருபது பேரையும் ஒருவர்பின் ஒருவராக அழைத்து, தமிழிலேயே, தனியே பத்து நிமிடம் பேசுவது என்று விதித்துவிட்டால், யாருக்கும் அது குறையுள்ளவர் என்னும் முத்திரையாகாது. இருபது பேருக்கும் சேர்த்து ஆகும் நேரம் மூன்றரை மணிக்கும் குறைவு. அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையை இறுதிசெய்யும் கூட்டத்திலேயே அந்த நேரத்துக்கு இடம் ஒதுக்குமாறு ஒவ்வொரு துறையையும் இம்மடல் வேண்டுகிறது.